செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: குடிமீட்பு வழிகாட்டுக் குழு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, கால்வாய், குடிநீர் விவரங்கள் தனி அறிக்கையில் உள்ளன. இது நம் நகர்ச் சங்கத்தின் சென்ற பொதுக்குழு, குடியை விட விரும்புபவருக்கு வழிகாட்ட அமைத்த குடிமீட்பு வழிகாட்டுக் குழுவைப் பற்றியது மட்டும். எத்தனை பேர் வந்து விசாரித்தார்கள் என்று இதில் எழுதவில்லை. நம் நகர் அளவுக்கு எண்ணிக்கையைச் சொன்னாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

பக்கத்தில் ஏ.ஏ. கூட்டம் (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்: குடியை விட விரும்புபவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு) எங்கே, என்றைக்கு நடக்கிறது என்று கேட்பவருக்குச் சரியாகச் சொல்வதுதான் குழுவின் வேலை. கையில் கிடைத்த பட்டியலோடு நேரில் போனபோது சில இடங்களில் பூட்டு தொங்கியது. கூட்டங்கள் பெரும்பாலும் சர்ச் ஹாலிலோ பள்ளி வகுப்பறையிலோ நடக்கின்றன. பரீட்சை, திருவிழா, வெள்ளையடிப்பு என்று ஏதாவது வந்தால் இடம் மாறும். பட்டியலில் பழைய விலாசமே நிற்கும். பல நாள் யோசித்து ஒருவர் கிளம்பி வந்து பூட்டைப் பார்த்தால், இரவு 10 மணி வரை டாஸ்மாக் திறந்திருக்கிறது. ஆகவே, நம் ஆள் சரிபார்க்காத கூட்டத்தை யாருக்கும் சொல்வதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பார்ப்பது என்று முடிவானது.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் அரைத்தாள் குறிப்பு வைத்திருக்கிறோம். நாள், நேரம், எந்த கேட் வழியாக, மாடியா கீழா, தமிழா ஆங்கிலமா, முடிந்தபின் கடைசி பஸ் எத்தனை மணிக்கு. ஒரு கூட்டத்திலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு வரும் வழியில் ஒயின் ஷாப் இருக்கிறது. அதற்குப் பின்பக்கத் தெரு வழியை வரைந்து கொடுக்கிறோம். திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்பதும் அதில் உண்டு. திறந்த கூட்டத்துக்கு வீட்டாரும் போகலாம். மூடியது குடியை விட விரும்புபவருக்கு மட்டும். இது தெரியாமல் நம் தொண்டர் ஒருவர் உள்ளே உட்கார்ந்து, பிறகு எழுந்து வர நேர்ந்தது. இப்போது மூடிய கூட்டத்தை வாசலிலேயே விசாரித்துக்கொள்கிறோம்.

புதிதாகப் போகிறவர் பயப்படுவது பேரையும் பேச்சையும் பற்றித்தான். படிவம் கிடையாது, கட்டணம் கிடையாது, முழுப் பெயர் சொல்ல வேண்டாம், பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. ‘கடவுள்’ என்ற சொல்லைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அவரவர் அறிந்தபடியான கடவுள் என்றுதான் ஏ.ஏ.யின் மீட்பு வழியான பன்னிரண்டு படிகளில் இருக்கிறது. ஒரு குழு ஒத்துவராவிட்டால் இன்னொன்றைப் பார்க்கட்டும்.

ஆனால் தினமும் குடிப்பவரை நேராகக் கூட்டத்துக்கு அனுப்புவதில்லை. முதலில் டாக்டர். குடியைத் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுக்கம், முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு, இரண்டு முதல் நான்கு நாளுக்குள் மனக்குழப்பமும் இல்லாத பூச்சி தெரிவதும் வரலாம். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. காலையில் நடுக்கம் அடங்கவே ஒரு கட்டிங் போடுகிறவரும், முன்பு வலிப்பு கண்டவரும் ஆஸ்பத்திரியில் இருந்துதான் நிறுத்த வேண்டும். கார்த்திகையில் மாலை போட்டு அன்றே நிறுத்துகிறவர்களின் வீட்டில் இதைத் தவறாமல் சொல்கிறோம். ‘தெம்புக்கு ஒரு குளுக்கோஸ்’ என்று கேட்டு ஏற்றிக்கொள்ளும் பழக்கமும் உண்டு. அதற்கு முன் தயமின், அதாவது வைட்டமின் பி1 ஊசி போட வேண்டும். இல்லாவிட்டால் மூளை பாதிக்கப்படலாம். குடிப்பவர் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

வீட்டாரிடமிருந்து அதிகம் வந்த கேள்வி, ‘அவருக்குத் தெரியாமல் மருந்தைச் சாப்பாட்டில் கலக்கலாமா?’ கூடாது. அப்படிக் கலப்பது டைசல்ஃபிராமாக (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மாத்திரை) இருந்தால், மேலே குடித்தவுடன் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். இதய நோயாளி இறந்தும் போகலாம். கடைசி மாத்திரைக்குப் பின் இரண்டு வாரம் வரைகூட இந்த வினை நிற்கும். தெரிந்து, சம்மதித்து, டாக்டர் சொல்லிச் சாப்பிட வேண்டிய மருந்து அது. வண்டி அனுப்பி ஆளைத் தூக்கிப்போகும் குடிமீட்பு மையங்களின் விலாசமும் எங்களிடம் கிடையாது. எந்த மையமானாலும் 2017 மனநலச் சட்டப்படி வாங்கிய பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள்.

வீட்டாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறது. அவரை எப்படி நிறுத்த வைப்பது என்று அங்கே சொல்லித்தர மாட்டார்கள். கடனையும் பொய்யையும் சுமக்காமல் வீட்டில் எப்படி இருப்பது என்பதுதான் அங்கே பேச்சு.

நம் ஹாலில் வாரம் ஒருநாள் கூட்டம் நடக்கிறது. வாடகை வேண்டாம் என்றோம், அவர்கள் ஒப்பவில்லை. வெளியார் பணம் வாங்குவதில்லை என்பது அவர்களின் மரபு. தங்களுக்குள் பை சுற்றி வசூலித்து வாடகை தருகிறார்கள். சங்கப் பெயரோடு ஃபிளெக்ஸ் வைக்கும் யோசனையும் அதனால் கைவிடப்பட்டது. ஒரு வருத்தம்: ஹால் வாசலைப் படமெடுத்து ஒருவர் நகர் வாட்ஸப்பில் போட்டுவிட்டார். முகம் எதுவும் இல்லை; ஆனால் வரிசையாக நின்ற வண்டிகளின் நம்பர் பிளேட் தெளிவாக இருந்தது. மறுவாரம் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. இனி கூட்ட நாளில் வண்டிகள் பின்பக்கம் நிறுத்தப்படும்.

செலவு பஸ் கட்டணமும் ஜெராக்ஸும்தான். பொருளாளர் கணக்கில் காண்க. அறிவிப்புப் பலகையில் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவி எண் 14416 இரண்டும் எழுதியாயிற்று.

பாக்கி: பெண்களுக்கென்று தமிழில் நடக்கும் கூட்டம் பக்கத்தில் இன்னும் கிடைக்கவில்லை. செவ்வாய் மாலை சரிபார்க்கப் போக இருசக்கர வாகனம் உள்ள உறுப்பினர் ஒருவர் தேவை. பெயரை இன்றே கொடுக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்