அனிமேஷன் குறும்படங்கள் மாவட்டங்களுக்கும் வரட்டும்

ஆசிரியருக்கு,

மும்பை சர்வதேசத் திரைப்பட விழா பற்றிய தங்கள் செய்தி கண்டேன். 1990-இல் தொடங்கிய இவ்விழா ஆவணப்படம், குறும்படத்துடன் அனிமேஷனுக்கும் இடம் தருகிறது. ஆனால், அனிமேஷன் என்றாலே சிறுவர்களுக்கான பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மிடம் இன்னும் அகலவில்லை. வினாடிக்கு 24 சட்டகங்கள் (தனித்தனிப் படங்கள்) என்றால், பத்து நிமிடப் படத்துக்கு 14,400 சட்டகங்கள். அத்தனை உழைப்பில் முதுமையும் போரும் பிரிவும் பேசப்படுகின்றன. அவை பெரியவர்களுக்கான கலைதான்.

2024 ஜூனில் இவ்விழாவின் படங்கள் சென்னை தாகூர் திரைப்பட மையத்திலும் திரையிடப்பட்டபோது என் தாயாரை அழைத்துச் சென்றேன். தமிழ் மட்டுமே அறிந்தவர். வசனமே இல்லாத ஓர் அயல்நாட்டுக் குறும்படத்தை என்னிடம் ஒரு விளக்கமும் கேட்காமல் கண்கலங்கப் பார்த்தார். மொழி தடையாகாத இத்தகைய படங்களைப் பெருநகரங்களோடு நிறுத்துவது பெரும் இழப்பு. அடுத்த விழாவிலிருந்து, வசனமற்ற அனிமேஷன் படங்களை மட்டும் தொகுத்து, மதுரை, திருநெல்வேலி போன்ற நகரங்களின் கல்லூரி அரங்குகளில் ஒரு நாளேனும் கட்டணமின்றித் திரையிட ஒன்றிய தகவல், ஒலிபரப்புத் துறை முன்வர வேண்டும்.

வாசகி, திருவள்ளூர்