கேற் முழுதாகச் சாத்துப்பட வேண்டும்: எமது தொடர்மாடி முகாமைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

வணக்கம். வெள்ளவத்தையிலுள்ள எமது தொடர்மாடியின் முற்றத்துக் கேற் குறித்து நான் எழுதும் நான்காவது மடல் இது என்பதால், பழைய கதையை மீண்டும் சொல்லப் போவதில்லை. கடந்த செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் தாயாருக்கு 81 வயது. நினைவு மங்கிய நாள் முதல், அந்தக் கேற்றை அவர் யாழ்ப்பாணத்தில் விட்டுவந்த வீட்டின் படலையாகவே எண்ணுகிறார். "படலை துறந்து கிடக்குது, மாடு பூந்திடும்" என்று சொல்லிக்கொண்டு இறங்கிப் போவார். பூட்டியிருந்தால் தொட்டுப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பிவிடுவார். அன்று அது நான்கு விரற்கடை விலகிக் கிடந்திருக்கிறது. அவர் தள்ளிச் சாத்திப் பார்த்திருக்கிறார், கொளுவவில்லை. வெளியே நின்று இழுத்தால் சரிவருமென்று நினைத்து வெளியேறியவருக்குத் திரும்பி வரும் வழி தெரியவில்லை. மரைன் டிரைவைக் கடந்து, ரயில் தண்டவாளத்தின் ஓரத்தில் வெறுங்காலுடன் நின்றவரை, கடற்கரைக்கு நடக்கச் சென்ற ஒருவர் கைபிடித்து அழைத்துவந்தார்.

அந்தக் கேற்றைச் சாத்துவதற்கு அதன் நுனியைத் தூக்கிப் பிடித்தபடி கொளுவியின் நாக்கைத் துளைக்குள் தள்ள வேண்டும் என்பது உங்களுக்கும் தெரியும். உப்புக்காற்றில் மேற்பிணைச்சல் துருப்பிடித்துத் தேய்ந்து, பாரம் முழுவதும் நுனிப்பக்கம் சரிந்துவிட்டது. சென்ற முறை துளையை மட்டும் கீழே இறக்கினீர்கள். கேற் மேலும் சரிந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. தயவுசெய்து பிணைச்சலை மாற்றுங்கள், கேற் முழுதாகச் சாத்துப்படட்டும்.

"கேற்றைச் சாத்தவும்" என்று அறிவித்தல் ஒட்டியிருக்கிறீர்கள். சாத்தியும் சாத்துப்படாத கேற்றுக்கு அறிவித்தல் எதற்கு? மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்துகிறோம். அதில் முன்சுவருக்கு வர்ணம் வந்தது, கமரா வந்தது. என் அம்மா தனியே வெளியேறுவதை அந்தக் கமராவில்தான் பிறகு பார்த்தேன். கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது இதுதான்: மேற்பிணைச்சலைப் புதிதாக மாற்றி, தானாகச் சாத்தும் சுருள்வில் ஒன்றைப் பொருத்தி, எவ்வளவு திறந்த நிலையில் கைவிட்டாலும் கேற் தானாகவே வந்து கொளுவுகிறதா என்று உங்களில் ஒருவர் நின்று பார்க்க வேண்டும். இந்த மாதம் முடிவதற்குள் இதைச் செய்து தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அதுவரை இரவு முழுவதும் சங்கிலிப் பூட்டுப் போடக் காவலாளிக்கு அனுமதி கொடுங்கள். வேலை நடக்கும் நாளை அறிவித்தால், நான் லீவு எடுத்துக்கொண்டு உடன் நிற்பேன்.

இங்ஙனம்,
நான்காம் மாடிக் குடியிருப்பாளர்