ஊஞ்சல் பலகை

செங்கோட்டை,
ஆடி 8

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே சாரல் விடவில்லை. பட்டறையில் ஒரு வாரமாகப் பாலிஷ் வேலை கிடையாது. காற்றில் ஈரம் இருக்கும்போது அவலரக்கு, அதாவது செதில் அரக்கு, போட்டால் வெள்ளை பூத்துவிடும், உனக்குத் தெரியாததா.

படம் மூன்றும் வந்தது. குஜராத்துச் சங்கேடா மரச்சாமான் அசல் தேக்குதான், கடைசல் காலைப் பார்த்தாலே தெரிகிறது. அந்தப் பூவேலையில் இருப்பது தங்கமில்லை, வெள்ளீயம். எழுதி, அகேட் கல்லால் தேய்த்து, மேலே அரக்கு ஏற்றும்போதுதான் வெள்ளி பொன்னாகும். நாற்காலிக் கையில் ஒரு இடம் வெள்ளியாகத் தெரிகிறதே, சானிடைசர் பட்டதா? ஸ்பிரிட் எதில் இருந்தாலும் அரக்கைத் தின்றுவிடும்.

முதலில் அடிப்பக்கத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வைத்துப் பார். பிசுபிசுத்தால் அரக்கு. இல்லையென்றால் இந்தக்கால பியு என்கிற பிளாஸ்டிக் பூச்சு, நீ கைவைக்காதே. அரக்கு என்றால் 100 மில்லி ஸ்பிரிட்டுக்கு 20 கிராம் அவலரக்கு, கண்ணாடி ஜாடியில் ராத்திரி முழுக்க ஊறட்டும். இரும்பு டப்பா வேண்டாம், கறுத்துவிடும். மல் துணியில் வடிகட்டு. துணிக்குள் பஞ்சு வைத்து, நனைத்துப் பிழிந்து, ஒரே பக்கமாக ஒரே இழுப்பு. நடுவில் நிறுத்தினால் துணி ஒட்டிக்கொண்டு பூவையும் இழுத்துவரும். காயவிட்டுக் காயவிட்டு நாலைந்து கை. வெளுத்த அரக்கு வாங்காதே, பொன் வராது.

சுவருக்கு மஞ்சள் அடித்தது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சிவப்புக்குப் பின்னால் சுண்ணாம்பு வெள்ளைதான் எடுக்கும். ரெக்சின் மெத்தையை எடுத்துவிடு, வெயிலில் அரக்கோடு ஒட்டும். பருத்தியில் கலம்காரித் திண்டு ரெண்டு போதும்.

ஊஞ்சல் சித்திரையில் வாங்கியது. மூன்று படத்திலும் சுவரில் சாய்ந்தே நிற்கிறது. ஃபால்ஸ் சீலிங்கில் கொக்கி போட்டுவிடாதே, கான்கிரீட்டுக்குள் ஆங்கர் போல்ட் போகவேண்டும். மாட்ட ரெண்டு ஆள் வேண்டும். ஒருவர் பலகையைத் தாங்க, ஒருவர் சங்கிலியைக் கோர்க்க. மாப்பிள்ளைக்கு வேலை அதிகமோ? அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வாசலில் ஒரு ஜோடி செருப்புதான் கிடக்கிறது என்கிறாள். நான் பலகையைத்தான் பார்த்தேன்.

ஆச்சி தொட்டிலில் எனாமல் உரிந்ததற்கு, பெயிண்ட் விற்றவனை இத்தனை வருஷமாகத் திட்டினேன். தப்பு என்னுடையது. அரக்கின் மேலிருந்த மெழுகைத் துடைக்கவில்லை, உப்புத்தாளும் போடவில்லை. அம்மா அன்றைக்கும் பொறுங்கள் என்றாள். உன் கல்யாணப் பேச்சு வந்தபோதும் அதையேதான் சொன்னாள். ரெண்டு தடவையும் அவசரப்பட்டது நான்.

திருநெல்வேலியிலிருந்து ஜாம்நகர் வண்டி வடோதராவில் நிற்கும். டிரில்லும் சங்கிலியும் நானே கொண்டுவருவேன். பலகையை ஒரு பக்கம் நீ பிடித்தால் போதும்.

மூன்று வாரமாகப் போன் இல்லை. சானிடைசர் பாட்டிலை அந்த நாற்காலி மேல் வைக்காதே, மறுபடியும் சொல்கிறேன்.

அப்பா