மாடி ரூமுக்குக் கீழே

அன்புள்ள கண்ணா,

நேற்று வீடியோவில் புல்தரையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, சொட்டை விழுந்த மாதிரி இருக்கு" என்று சிரித்தாய். அப்பா முகம் வாடியதை நீ கவனிக்கவில்லை. இரண்டு மாதமாக அவர் பார்க்காத வைத்தியம் இல்லை. நர்சரிக்காரர் சொன்னாரென்று யூரியாவை வாங்கி வந்து தூவினார். நன்றாக இருந்த புல் இன்னும் தளதளவென்று வளர்ந்தது, மெலிந்த மூன்று இடமும் மெலிந்தே கிடந்தன. எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. பசிதான் காரணம் என்றால் சோறு போட்டதும் தேறியிருக்க வேண்டாமா?

போர் தண்ணீரின் உப்போ என்று முதலில் நினைத்தேன். பக்கெட்டில் வெள்ளைக் கோடு போடும் மேடவாக்கத்துத் தண்ணீர் ஆயிற்றே! ஆனால் உப்பென்றால் ஒரே குழாயில் நனையும் மொத்தத் தரையும் நுனி கருகியிருக்கும். மூன்று இடம் மட்டும் ஏன்? சரி, வேர்ப்புழுவோ என்று ஒரு பிடி புல்லை இழுத்துப் பார்த்தேன். புழு வேரைத் தின்றிருந்தால் பாயைச் சுருட்டுவதுபோல் கையோடு வந்துவிடும். வரவில்லை.

மாமரத்தடியில் ஆராய்ச்சியே தேவைப்படவில்லை. ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன், அங்கே விழும் வெயில் மூன்று மணி நேரம்கூட இல்லை. நீ புல் பதித்தபோது மரம் காம்பவுண்டுச் சுவர் உயரம், இப்போது மொட்டை மாடியைத் தொடுகிறது. நம் தரையில் இருக்கும் கொரியன் புல்லுக்கு ஐந்தாறு மணி நேர வெயிலாவது வேண்டும். கிளையை வெட்ட நான் விடமாட்டேன். அங்கே புல் வேண்டாம், பெஞ்சைப் போட்டுவிடலாம்.

கேட் பக்கம் குற்றவாளிகள் நாங்களேதான். பால் பாக்கெட்டுக்கும் பேப்பருக்கும் தினமும் அந்தக் குறுக்கு வழியில்தான் நடக்கிறோம். நீளமான ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன். மற்ற இடத்தில் பிடி வரை இறங்குவது, இங்கே இரண்டு விரற்கடையில் நின்றுவிட்டது. ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் குளம் கட்டி நிற்கிறது. மண் இப்படி இறுகினால் வேருக்குக் காற்று ஏது? கம்பியால் நெருக்கமாகத் துளையிட்டு, மணலும் மட்கிய தொழு உரமும் தூவியிருக்கிறேன். நடைக்கு நாலு கல் பதித்தால்தான் மறுபடி இறுகாது.

மூன்றாவதுதான் என்னைக் குழப்பியது. உன் ரூமுக்கு நேர் கீழே, நல்ல வெயில், யாரும் மிதிப்பதில்லை. ஆனாலும் இளம் இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது. ஸ்க்ரூ டிரைவர் சுலபமாகத்தான் இறங்கியது, மூன்று அங்குலத்தில் 'டக்'கென்றது. களைக்கொட்டால் கிளறினால், உள்ளே காய்ந்த சிமென்ட் பாளம்!

மாடி கட்டியபோது கொத்தனார் கலவை போட்ட இடம் அது. வேர் கீழே இறங்க வழியில்லை, மேலே இருக்கும் மண்ணோ ஒரே வெயிலில் காய்ந்துவிடும். போதாததற்கு, சிமென்ட்டின் சுண்ணாம்பு மண்ணில் ஏறினால் இரும்புச்சத்து இருந்தும் புல்லால் எடுத்துக்கொள்ள முடியாது. அந்த மஞ்சள் அதனால்தான். இதற்கு யூரியா என்ன செய்யும், பாவம்!

ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார். பாளத்தைக் கடப்பாரையால் உடைத்து எடுத்துவிட்டு, முக்கால் அடிக்குச் செம்மண்ணும் தொழு உரமும் நிரப்பி, நன்றாக இருக்கும் பக்கத்திலிருந்து பத்தை பெயர்த்து வைக்கப் போகிறோம். கொரியன் புல் மெதுவாகத்தான் படரும். மூன்று நான்கு மாதத்துக்கு "இன்னும் மூடலையா" என்று கேட்காதே.

அப்புறம், அன்று கலவை மேல் செம்மண் கொட்டி மட்டம் செய்யச் சொன்னது நான்தான். அப்பாவுக்கு அது ஞாபகமில்லை. நீயும் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அம்மா