அந்தப் ‘பக்தர்களுக்கு’ ஒரு பெயர் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த தஞ்சை ஒருநாள் இசைச் சுற்றுலாக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அழகு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் திருவையாறு பற்றிய பத்தியில், ‘காவிரிக்கரையில் தியாகராஜருக்குப் பக்தர்கள் எழுப்பிய சமாதி’ என்று ஒரு வரி. பக்தர்களாம்!

தாங்கள் அறியாததில்லை. 1847-இல் தியாகராஜர் மறைந்த பிறகு கவனிப்பாரில்லாமல் கிடந்த இடம் அது. பாடிச் சம்பாதித்ததையெல்லாம் கொட்டி அங்கே கோயில் கட்டி, 1926-இல் குடமுழுக்கும் செய்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள், தேவதாசி குலத்தில் பிறந்தவர். அவர் கட்டிய சன்னதியின் முன்னால், தியாகராஜர் நினைவாக நடக்கும் ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்றார்கள். சரி என்று ஒதுங்கிப் போகிறவரா அவர்? பெண்களைத் திரட்டித் தனியாகவே ஆராதனை நடத்திக் காட்டினார். ஆராதனை நடத்துவதில் பெரிய கட்சி, சின்ன கட்சி, பெண்கள் கட்சி என்று பிரிந்து கிடந்தவர்கள் ஒன்று சேர 1940 வாக்கில் ஆகிவிட்டது. 1952-இல் மறைந்த அந்த அம்மாள் இன்றும் அங்கே சிலையாக, தியாகராஜரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். உங்கள் கட்டுரையாளர் செல்ஃபியை முடித்துக்கொண்டு ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம்.

போன தை மாதம், வெளிநாட்டிலிருந்து வந்த என் தம்பி மகளை அங்கே அழைத்துப் போனேன். ஒரு சுற்றுலா நிறுவனத்தின் வண்டி, கூடவே வழிகாட்டி. “இந்தச் சிலை யாருடையது?” என்று அவள் கேட்டாள். “யாரோ ஒரு பக்தைம்மா” என்றார் அவர். வழிகாட்டியை மட்டும் என்ன சொல்ல? படித்தவர்கள் எழுதுவதே அப்படித்தான் இருக்கிறது.

அப்புறம் உங்கள் கால அட்டவணை. பகல் ஒரு மணிக்கு மேலவீதி பங்காரு காமாட்சி கோயில் என்று போட்டிருக்கிறீர்கள். நடுப்பகலில் எந்த ஊர்க் கோயிலில் நடை திறந்திருக்கும்? அட்டவணையை நம்பிப் போகிறவர் பூட்டைத்தான் தரிசிக்க வேண்டும். அந்த அம்பாளைப் பாடிய சியாமா சாஸ்திரிகள் வாழ்ந்ததும் அதே மேலவீதிதான். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வரின் வீடும் அங்கேதான். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் நாட்டியக் கச்சேரிக்கு வரிசை அமைத்துக் கொடுத்தவர்கள். வடிவேலுவுக்குத் திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் 1834-இல் தந்தத்தால் ஆன வயலினே பரிசளித்தார். இவர்களுக்கு உங்கள் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. தலையாட்டி பொம்மைக்கு ஒரு பத்தி.

ஆபிரகாம் பண்டிதரையும் காணோம். சொந்தச் செலவில் இசை மாநாடுகளைக் கூட்டி, தமிழிசைக்கென்று 1917-இல் அவ்வளவு பெரிய ஆராய்ச்சி நூலை வெளியிட்ட மனிதர், அதே தஞ்சாவூரில் வாழ்ந்தவர். பெரிய கோயில் பற்றிய பத்தியில் விமானத்தின் உயரம் இருக்கிறது. அங்கே திருப்பதிகம் பாட 48 பேரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இரண்டு பேரையும் ராஜராஜன் நியமித்ததைக் கல்வெட்டிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். இசைச் சுற்றுலா போகிறவருக்கு உயரம் எதற்கு?

வீணைக்கு வருகிறேன். பல ஆண்டுகள் வீணை சொல்லிக்கொடுத்தவள் என்பதால் இதைப் படித்ததும் சுருக்கென்றது. தஞ்சாவூர் வீணை தேக்கில் செய்வதாம். பலா மரம் ஐயா, பலா! உருண்டையான குடமும் நீண்ட கழுத்தான தண்டியும் ஒரே மரத்தில் குடைந்தால் அது ஏகாண்ட வீணை. மெழுகில் கரித்தூளைக் கலந்து அதன்மேல், கம்பியை அழுத்தி வாசிப்பதற்கான 24 மெட்டுகளை, சுருதி பிசகாமல் காதாலேயே கேட்டுக் கேட்டுப் பதிப்பார்கள். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய கருவி இது. பட்டறையில் குனிந்து வேலை செய்யும் ஆசாரியின் படத்தை அரைப் பக்கத்துக்குப் போட்டுவிட்டு, கீழே ‘ஒரு கைவினைஞர்’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். படம் எடுத்தவரின் பெயர் மட்டும் ஓரத்தில் ஒழுங்காக இருக்கிறது. மார்கழிச் சிறப்பிதழிலும் இதே கதைதான். சபா கேன்டீனுக்கு இரண்டு பக்கம், வீணை ஆசாரிகளுக்கு ஒரு வரி கிடையாது. அப்போது எழுதிய கடிதம் கிடைத்ததா என்றுகூடத் தெரியவில்லை. தங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில், எங்காவது ஒரு மூலையில், இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். சமாதிக் கோயிலைக் கட்டியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் என்பது ஒன்று, வீணை பலா மரம் என்பது இன்னொன்று. இடம் போதாவிட்டால் பலாவை விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி