கழற்றி மாட்டும் சிப் கேட்டு, கொள்முதல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். புரதத்தோடு எது, எப்படி ஒட்டுகிறது என்று அளக்கும் கருவியில் மாட்டும் சென்சார் சிப்புக்கான எங்கள் இன்டென்ட் (கொள்முதல் கோரிக்கை) மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. ஓரத்தில் 'இருப்பதையே கழுவிப் பயன்படுத்தவும்' என்று ஒரு வரி.

கழுவித்தான் பார்த்தோம், ஐயா. நம்மிடம் இருப்பது ஸ்ட்ரெப்டாவிடின் சிப், அதாவது பயோட்டின் என்ற சிறு மூலக்கூறை இறுகப் பிடிக்கும் புரதம் பூசிய சிப். பயோட்டின் சேர்த்த புரதத்தை அதில் ஏற்றிவிட்டால், அந்தப் பிடியைப் புரதம் கெடாமல் விடுவிக்க வழியே இல்லை. கழுவுவதற்கு அமிலக் கிளைசின் கரைசலை ஓட்டினால் மேலே வந்து ஒட்டிய மூலக்கூறு போகும். அடியிலுள்ள புரதம் போகாது, ஆனால் பல சமயம் உருக்குலைந்துவிடும்.

போன மாதம் அதுதான் நடந்தது. என் தோழி ஐந்து மாதம் பாடுபட்டுச் சுத்தப்படுத்திய ஏற்பிப் புரதம். இரவு ஸ்லாட்தான் கிடைத்தது. முதல் ஓட்டத்தில், ஒட்டுதலைக் காட்டும் வளைவு அழகாக ஏறியது. இரண்டாம் கழுவலுக்குப் பிறகு பாதிதான் ஏறியது, நான்காவதில் வெறும் கோடு. விடியும்வரை திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மைனஸ் 80 ஃப்ரீசரில் இன்னும் ஒரே ஒரு குழாய் மிச்சம். அதை ஏற்றச் சிப் இல்லை.

அந்தப் புரதத்துக்கு ஹிஸ்டிடின் வால் (நிக்கலில் ஒட்டும் அமினோ அமிலத் தொடர்) உண்டு. நிக்கல் பத்தியில் (column) பிடித்துத்தான் அதைச் சுத்தமே செய்தாள். நிக்கல் ஏற்றும் சிப் இருந்தால் அதே வாலைப் பிடித்து நிறுத்தலாம். சோதனை முடிந்ததும், உலோகத்தைப் பிடித்து இழுக்கும் இடிடிஏ ஓட்டினால் நிக்கலும் புரதமும் சேர்ந்தே போய்விடும். மறுபடி நிக்கல், மறுபடி புதுப் புரதம். சில புரதங்கள் மெல்லக் கழன்று பேஸ்லைன் (அளவின் அடிக்கோடு) சரியும் என்பது உண்மைதான். அவற்றுக்கு டிஎன்ஏ இழைகளை ஜோடி சேர்த்துப் பிடிக்கும் சிப் இருக்கிறது. குவானிடினும் காஸ்டிக் சோடாவும் கலந்து ஓட்டினால் ஜோடி பிரிந்து, புரதமும் போய்விடும். நாங்கள் கேட்பது இந்த இரண்டு வகையும்தான்.

கருவி வாங்கக் கோடி ரூபாய் கிடைத்தது, திறப்பு விழாவும் நடந்தது. அதை ஓட்டத் தேவையான சிப்புக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் கெஞ்ச வேண்டியிருக்கிறது. பைப்பெட் முனைக்கும் இதே கதை, கையுறைக்கும் இதே கதை. ஐந்து மாத உழைப்புக்கு எந்தக் கணக்கில் விலை போடுகிறீர்கள்?

மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன். மேற்பரப்பைப் புதுப்பித்துத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய சிப்புகளை இந்த ஆண்டுக் கொள்முதல் பட்டியலில் சேர்க்குமாறு மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். நான்காவது இன்டென்டைக் குவட்டேஷனோடு திங்கட்கிழமை அனுப்புகிறோம். தயவுசெய்து அதில் கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வு மாணவி