ராகவனோடு மறுபடியும் சண்டை

அன்புள்ள செல்வா,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை என்று திட்டி முடித்துவிட்டாயா? சரி, மிச்சத்தை நேரில் வைத்துக்கொள். முதுகுவலி பரவாயில்லை, வீட்டில் எல்லாரும் சுகம். இப்போது எழுதக் காரணம் ராகவன். வேறு யார்?

ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் வழக்கம்போல ஈரான் யுரேனியத்தைச் செறிவூட்டுகிற பேச்சு வந்தது. "வெறும் 60 சதவீதம்தானே, குண்டுக்கு 90 வேண்டும், இன்னும் முப்பது பாக்கி இருக்கே" என்றான். கணக்கில் அவன் எப்போதுமே அப்படித்தான், ஹாஸ்டல் மெஸ் பில் ஞாபகம் இருக்கிறதா? ஃபோனை வைத்ததும் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். வெட்டியெடுத்த யுரேனியத்தில் ஆயிரம் அணு என்றால் உலைக்கும் குண்டுக்கும் வேண்டிய, எளிதில் பிளக்கும் 235 ரகம் ஏழுதான். அந்த ஏழைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கழித்துக்கொண்டே போவதுதான் செறிவூட்டல். அணுமின் உலைக்கு வேண்டிய 3.5 சதவீதத்துக்கு வருவதற்குள் 800 போய்விடும், மிச்சம் 200. 20 சதவீதத்தில் மிச்சம் 35. 60இல் பன்னிரண்டு. 90இல் எட்டு. (நிஜத்தில் அந்த ஏழிலும் கொஞ்சம் கழிவோடு போகும், இருந்தாலும் போக்கு இதுதான்.) நொடிக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும் உருளைகளை வைத்து 988ஐத் தள்ளிவிட்டவனுக்கு இன்னும் நாலைத் தள்ளுவது ஒரு வேலையா?

இங்கேதான் உன்னிடம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2002இல் ஈரான் நடான்ஸில் ரகசியமாகச் செறிவூட்டல் ஆலை கட்டும் விஷயத்தை வெளிநாட்டில் இருந்த ஈரானிய எதிர்ப்பாளர்கள் போட்டு உடைத்தபோது, "மின்சாரத்துக்கு என்றால் மண்ணுக்கடியில் எதற்கு?" என்று கேட்டாய். நான் எகிறினேன். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் நாலாவது பிரிவு அமைதி வேலைக்குத் தரும் உரிமை, மன்னர் ஷா காலத்தில் ஈரான் பிரான்ஸின் யூரோடிஃப் செறிவூட்டல் கம்பெனிக்கு நூறு கோடி டாலர் கொடுத்தும் புரட்சிக்கப்புறம் எரிபொருள் வராத கதை, எல்லாவற்றையும் கொட்டினேன். அதெல்லாம் நிஜம்தான். ஆனால் 2009இல் கோம் நகரத்துப் பக்கத்து மலைக்குள் ஃபோர்டோ என்ற இன்னொரு ரகசிய ஆலை இருப்பது வெளியே வந்தபோது நான் வாயை மூடிக்கொண்டதைக் கவனித்தும் நீ கேலி செய்யவில்லை. ஈரானின் புஷேர் அணுமின் உலைக்கு எரிபொருள் ரஷ்யாவிலிருந்து வருகிறது. அப்புறம் 60 சதவீதம் எந்த விளக்கை எரிக்க?

ரொம்பக் குதிக்காதே, நீ முழுக்க ஜெயிக்கவில்லை. வல்லரசுகளோடு ஈரான் போட்ட 2015 ஒப்பந்தத்தில் 3.67 சதவீதம், 300 கிலோ என்று வரம்பு கட்டி, சர்வதேச அணுசக்தி முகமை ஆட்கள் உள்ளே போய் எண்ணிக்கொண்டிருந்தார்கள். 2018இல் அதை உதறிவிட்டுப் போனது ட்ரம்ப். ஈரான் 60க்கு ஏறியது 2021இல். 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் போட்ட குண்டு விழுவதற்கு முன் முகமை கணக்கில் 60 சதவீதச் சரக்கு 440 கிலோ சொச்சம். விழுந்த பிறகு அது எங்கே, எவ்வளவு என்று மாதக்கணக்கில் யாராலும் போய்ப் பார்க்க முடியவில்லை. ஒளித்ததால் சந்தேகம், சந்தேகத்தால் குண்டு, குண்டால் இருந்த கொஞ்ச வெளிச்சமும் போச்சு. இதில் யாருக்கு என்ன லாபம், சொல்லு?

ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோது வேறு ஒன்று உறுத்தியது. நீயும் நானும் இருபது வருஷமாகக் கத்துகிறோம், நமக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. தடைகளால் ரியால் கரைந்துபோய் மருந்துக்கு அலைகிற அந்த ஊர்க்காரர்களிடம், இது வேண்டுமா என்று யாரும் ஓட்டுக் கேட்டதில்லை.

காகிதத்தைப் படமெடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறேன், பன்னிரண்டையும் எட்டையும் சிவப்பில் சுழித்திருக்கிறேன். ராகவன் கூப்பிட்டால் நீயே போட்ட கணக்கு என்று சொல். நான் சொன்னால் நம்ப மாட்டான்.

உன்,
மூர்த்தி